பழிக்கு ஐம்பது சொற்கள்

நம்மில் டெல்லி சர்க்கார் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு மார்ச் கடைசி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் காலையில் திடீரென்று ஸ்வெட்டர் குத்த ஆரம்பிக்கும். மறுநாள் கொடி முழுவதும் ரஜாய்கள், அந்தப் பஞ்சுப் போர்வைகள், வெயில் காயும். அதற்கு மறுநாள் பூச்சி உருண்டைகளோடு இரும்பு டிரங்குக்குள் போய்விடும். தீபாவளி கழியும்வரை அந்த டிரங்கின் மேல் ஒரு விரிப்பைப் போட்டு, வந்தவர்களை உட்காரச் சொல்வோம். அந்த டிரங்கு இன்று நம் யார் வீட்டிலும் இருக்காது. கரி அடுப்பும் ஈயத்தாள் மூடி போட்ட பால் பாட்டிலும் போன வழியில் அதுவும் போயிருக்கும்.

அப்படி ஒரு மார்ச் கடைசியில், மோதி பாக்கில் இருந்த எங்கள் வீட்டில் ஒரு கைக்கடிகாரம் காணாமல் போனது. அடுத்த குளிர் வரும்வரை நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். எனக்கு அப்போது பதினோரு வயது. இத்தனை வருடங்களில் எத்தனையோ துணிச்சல்காரர்களைப் பார்த்துவிட்டேன். அந்த வருடம் பார்த்ததற்கு மேல் ஒன்றும் பார்க்கவில்லை. அதைச் செய்தவளும் பதினோரு வயதுக்காரிதான்.

அவள் எனக்குப் பெஞ்சுத்தோழி. அவளுடைய அம்மா எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைப்பவர். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து, முனிர்கா போகும் வழியில் இருந்த குடிசைகளில் தங்கியிருந்தார்கள். எங்கள் வீட்டைச் சேர்த்து அந்தக் காலனியில் ஐந்து வீடுகளில் அவருக்கு வேலை. பெண் கெட்டிக்காரி என்று கண்டு, தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போய்ச் சேர்த்துவிட்டதே என் அம்மாதான். "இவள மட்டும் படிப்ப நிறுத்திராத, என்ன?" என்று தோழியின் அம்மாவிடம் எத்தனையோ முறை அம்மா சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அதை மறந்துவிட்டு அம்மாவைப் பற்றி நினைக்கக் கூடாது என்பதற்காக இதை முதலில் சொல்கிறேன்.

கடிகாரம் அம்மாவுக்குக் கல்யாணத்தில் பெரிய மாமா கொடுத்தது. தினமும் சாவி கொடுக்க வேண்டிய, சுண்டுவிரல் நகம் அளவுக்கு முகம் உள்ள சின்னக் கடிகாரம். கல்யாணங்களுக்கும் கோயிலுக்கும் மட்டும் கட்டிக்கொள்வாள். அது அலமாரியில் இல்லை என்று தெரிந்த அன்று சனிக்கிழமை. தோழியின் அம்மா பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அரை நாள் பள்ளி முடிந்து தோழியும் கூட வந்திருந்தாள்.

"எடுத்திருந்தா குடுத்துரு. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்" என்றாள் அம்மா.

"என்னாம்மா எடுத்தேன்?"

"வாட்ச்சு."

தோழியின் அம்மா கையிலிருந்த சாம்பலைக் கழுவினார். எழுந்து நின்று முந்தானையை எங்கள் எதிரில் உதறினார். பிறகு இடுப்பு மடிப்பை அவிழ்த்துக் காட்டினார். பிறகு தலைமுடியைக் கூட அவிழ்த்து உதறினார். அம்மா அதைச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தோழி துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எடுக்காமல் என் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே அம்மா மற்ற நாலு வீடுகளுக்கும் போய், "பாத்து வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். மாடி வீட்டு மாமி, பஞ்சாபி ஆன்ட்டி, பெங்காலி டாக்டர் வீடு, நாலாவதாக எங்கள் இங்கிலீஷ் டீச்சர் வீடு. ஒரு வாரத்துக்குள் ஐந்து வீட்டு வேலையும் போயிற்று. தோழியின் அம்மா கட்டிட வேலைக்குச் செங்கல் சுமக்கப் போனார்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளியில் தோழி என்னிடம் சொன்னாள்: "எங்கம்மா எடுக்கல. உங்கம்மாவ நான் விட மாட்டேன். பத்லா எடுப்பேன்."

பத்லா என்றால் பழி என்று உங்களுக்குத் தெரியும். நான் பயந்துபோனேன். ஆனாலும் அவள் பெஞ்சு மாறி உட்காரவில்லை. என் மேல் அவளுக்குக் கோபம் இருந்ததாகவும் தெரியவில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து எங்களுக்குப் பாடமெல்லாம் இங்கிலீஷில். ஐந்து வரை தமிழில் படித்துவிட்டு வந்த எங்களுக்கு நாக்கு புரளவில்லை. அதற்காக டீச்சர் அந்தக் கோடை விடுமுறைக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். ஆளுக்கு ஒரு தலைப்பு எடுத்துக்கொண்டு, அது சம்பந்தப்பட்ட ஐம்பது இங்கிலீஷ் வார்த்தைகளையும் சொலவுகளையும் சேர்த்து, தமிழில் அர்த்தம் எழுதிக்கொண்டு வர வேண்டும். நான் பழங்கள் எடுத்துக்கொண்டேன். வேறு பிள்ளைகள் பறவை, நிறம், வாகனம். தோழி என்ன எடுத்தாள் என்று என்னிடம் சொல்லவில்லை.

ஜூலையில் பள்ளி திறந்தபோது நோட்டைக் காட்டினாள். காக்கி அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில், கோடு தாண்டாத அவளுடைய குண்டெழுத்தில், 'ரிவெஞ்ச்' என்று இருந்தது.

அவளிடம் டிக்ஷனரி கிடையாது. விடுமுறையில் பள்ளி நூலகம் காலையில் மட்டும் இரண்டு மணி நேரம் திறந்திருக்கும். அந்த மே மாத வெயிலில், குடிசையிலிருந்து நடந்தே வந்து, தலைகாணி போன்ற பெரிய டிக்ஷனரியைப் புரட்டிப் புரட்டி எழுதியிருக்கிறாள். ஒரு வார்த்தையின் அர்த்தத்தில் இன்னொரு வார்த்தை இருக்கும். அதைத் தேடிப் போனால் மூன்றாவது ஒன்று கிடைக்கும். அப்படியே பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். ரிடாலியேட், ரிப்ரைஸல், வென்டெட்டா, நெமிசிஸ். எனக்கு மாம்பழத்தையும் கொய்யாவையும் தாண்டி முப்பது தேறவில்லை.

"அவெஞ்ச் வேற, ரிவெஞ்ச் வேற, தெரியுமா?" என்றாள். "உன்ன ஒருத்தி அடிச்சா, நீ திருப்பி அடிச்சா ரிவெஞ்ச். எங்கம்மாவ அடிச்சதுக்கு நான் அடிச்சா அவெஞ்ச். எனக்கு அவெஞ்ச்தான் வேணும்."

சொலவுகளில்தான் வேடிக்கை. 'பேர் எ கிரட்ஜ்' என்றால் மனத்தில் வஞ்சம் வைத்திருப்பது. ஆனால் 'பேர்' என்றால் கரடியும் கூட என்பதால், பக்கத்தில் மூட்டை சுமக்கிற ஒரு கரடியை வரைந்திருந்தாள். 'கெட் ஈவன்' என்பதை அவள் கணக்குப் பாடத்தோடு சேர்த்துப் புரிந்துகொண்டாள். ஈவன் நம்பர் என்றால் இரட்டைப்படை எண். 'ஒத்தையா நிக்கறதுக்கு ஜோடி சேர்த்து ரெட்டையாக்கறது' என்று அர்த்தம் எழுதியிருந்தாள். நிலைமையைத் தலைகீழாக்குவது என்று அர்த்தப்படும் 'டர்ன் த டேபிள்ஸ்' படிக்கும்போது எங்கள் பெஞ்சைத் திருப்ப முடியுமா என்று இருவரும் முயன்று பார்த்து, மைக்கூடு கொட்டி, முட்டி போட்டோம். 'டேஸ்ட் ஆஃப் யுவர் ஓன் மெடிசின்' என்பதற்கு 'அவங்க மருந்த அவங்க வாய்லயே ஊத்தறது' என்று இருந்தது. இதெல்லாம் என் அம்மாவுக்காகத் தயாராகிறது என்பதை மறந்துவிட்டு நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பக்கத்தில் நாற்பத்தொன்பதாவது 'விண்டிக்டிவ்'. பழிவாங்கும் குணமுள்ள. ஐம்பதாவது, டிக்ஷனரியில் அதற்குச் சற்று மேலே இருந்த 'விண்டிகேட்'. சுமத்தின பழியைத் துடைத்தல்.

டீச்சர் அந்த ஐம்பதாவதைச் சிவப்பு மையால் அடித்தார். "இது தலைப்புல சேராது. இது ரிவெஞ்சுக்கு நேர்மாறு" என்றார்.

தோழி எழுந்து நின்றாள். "தமிழ்ல ரெண்டும் பழிதானே டீச்சர்? பழி வாங்கறது, பழி துடைக்கறது."

 டீச்சர் நாற்பத்தொன்பது என்று மதிப்பெண் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவள் அதன்பின் வாதாடவில்லை.

அன்று மாலை டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா காபி கொடுத்தாள். "பதினோரு வயசுக் கொழந்தை எழுதற விஷயமா இது? பூ இருக்கு, பழம் இருக்கு. அவளுக்கு ரிவெஞ்ச். மனசுல என்னவோ வச்சிண்டிருக்கா. உங்க பொண்ணைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கோ" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எங்களில் பாதிப் பேரை இங்கிலீஷில் வாய் திறக்க வைத்தவர். அந்த நோட்டில் எவ்வளவு உழைப்பு இருந்தது என்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. அம்மா வெறுமனே தலையாட்டினாள். அந்த வாரம் என்னைத் தள்ளி உட்காரச் சொன்னாள். நான் சரி என்று சொல்லிவிட்டு உட்காரவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் தோழி சொன்னாள்: "என்னையும் வேலைக்கு விடலாம்னு எங்கப்பா சொன்னாரு. திருடி பொண்ணுன்னு யாரும் எடுக்கல. அதான் இன்னும் ஸ்கூலுக்கு வரேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அப்போது என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை. விடியற்காலையில் கால் சில்லிட்டு எழுந்தோம். அம்மா டிரங்கைத் திறந்தாள். பூச்சி உருண்டை வாசனை வீடு முழுக்கப் பரவியது. ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து என்னுடைய சிவப்பு ரஜாயைப் பின்கட்டில் உதறினோம். உறையும் பஞ்சும் சேரும் இடத்தில் தையல் விட்டிருந்தது. அங்கிருந்து கடிகாரம் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

எனக்கு அந்தக் கணத்தில் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. குளிர் போவதற்கு முந்தின ஒரு மத்தியானம், அம்மா தூங்கும்போது அலமாரியிலிருந்து அதை எடுத்துக் கட்டிக்கொண்டு, ரஜாய்க்குள் புகுந்து, காதில் வைத்து டிக் டிக்கைக் கேட்டபடியே தூங்கிப்போனவள் நான். எழுந்ததும் திருப்பி வைத்துவிட்டேன் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். தொட்டதைச் சொன்னால் அடி விழும் என்று, தேடும்போது வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றே ரஜாயைப் பிரித்துப் பார்த்திருப்பார்கள்.

அம்மா கடிகாரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். 

"நாந்தான் மறதியா ரஜாய்க்குள்ள சுருட்டிட்டேன் போல" என்றாள். சற்று நேரம் கழித்து, "ஏட்டி, யார்ட்டயும் சொல்லாத. அப்பாட்டயும் சொல்லாத" என்றாள்.

நான் ஒன்பது நாள் சொல்லவில்லை. தோழியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய பென்சிலை வாங்கி எழுதி, அவள் நோட்டைப் பார்த்துச் சிரித்து, சொல்லாமல் இருந்தேன். பத்தாம் நாள், திங்கட்கிழமை, சாப்பாட்டு மணிக்குத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவளைக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். ரஜாய்க்குள் விட்டது நான் என்பதையும் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்திருந்தேன்.

"எத்தன நாளாச்சு கெடச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒம்பது."

திரும்பி நடந்தாள். வகுப்புக்குள் போய்ப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனாள். அந்த வாரம் முழுவதும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐம்பதில் எதைச் செய்யப்போகிறாள் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குளிர்காலத்து ஞாயிறு எப்படி என்று உங்களுக்குத் தெரியுமே. காலனி முழுவதும் முன்பக்கப் புல்தரையில் வெயில் காயும். அப்பா பிரம்பு மோடாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா பின்னல் ஊசிகளோடு. நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். தோழி வந்தாள். ஞாயிற்றுக்கிழமையிலும் பள்ளிச் சீருடை. அவளிடம் இருந்ததில் நல்ல உடை அதுதான். எப்போதும் அம்மாவோடு பின்சந்து வழியாக வருகிறவள், அன்று முன்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். தூரத்தில் பால் பூத் ஓரமாக அவளுடைய அம்மா முக்காடு போட்டு நிற்பது தெரிந்தது.

"ஆன்ட்டி," என்றாள், "வாட்ச் கெடச்சுதா?"

அம்மாவின் ஊசிகள் நின்றன.  கிடைக்கவில்லை என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். யார் சொன்னது என்று தோழி காட்டிக்கொடுக்கவில்லை. என் பக்கம் ஒரு முறை கூடத் திரும்பவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"கெடச்சிட்டு" என்றாள் அம்மா.

அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். "எப்போ?"

"ரெண்டு வாரமாச்சு. ரஜாய்க்குள்ள இருந்தது."

தோழி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்பில் ஒப்பிக்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, இங்கிலீஷில் சொன்னாள்: "தென் யூ மஸ்ட் விண்டிகேட் மை மதர்."

அப்பா அமைச்சகத்தில் நாள் முழுவதும் இங்கிலீஷ் கடிதங்களைத் திருத்துகிறவர். "என்ன சொன்ன? இன்னொரு தரம் சொல்லு" என்றார். அவள் ஓர் எழுத்து பிசகாமல் திரும்பச் சொன்னாள். அப்பா கண்ணாடியைக் கழற்றினார். அம்மாவிடம், "அவ அம்மா மேல நாம பழி போட்டுட்டோம். அதத் துடைக்கச் சொல்லுதா. சரியான வார்த்தைய எடுத்துட்டு வந்திருக்கா" என்றார்.

அம்மாவின் கண் கலங்கியிருந்தது. "தப்புதான் தாயி. உங்கம்மாவக் கூப்பிடு. இங்கயே வச்சு மன்னிப்புக் கேக்கேன்."

"இங்க வேணாம் ஆன்ட்டி. நீங்க அந்த நாலு வீட்லயும் போய்ச் சொன்னீங்கள்ல? அந்த நாலு வீட்லயும் சொல்லணும். நாலுக்கு நாலு. டிட் ஃபார் டாட்."

அம்மா பின்னலை மோடாவின் மேல் வைத்தாள். உள்ளே போய் முகம் கழுவி, வேறு புடவை மாற்றிக்கொண்டு, செருப்பை மாட்டினாள். அதையும் நான் மறக்கவில்லை. ஒரு சிறு பெண் சொல்லி நாம் என்ன போவது என்று அவள் சொல்லவில்லை.

பால் பூத்தில் தோழியின் அம்மாவைச் சேர்த்துக்கொண்டோம். அவருக்கு வரவே விருப்பமில்லை. "எதுக்குப் பாப்பா இதெல்லாம்? விட்டுடு, கெடச்சதே போதும்" என்று மகளின் கையைப் பிடித்து இழுத்தார். மகள் கையை விடுவித்துக்கொள்ளாமல், அம்மாவையும் இழுத்துக்கொண்டே நடந்தாள்.

மாடி வீட்டு மாமி கதையைக் கேட்டதும் கைதட்டினார். "அட, ரஜாய்க்குள்ளயா! நல்ல வேளை, கெடச்சுதே. கல்யாண வாட்ச் ஆச்சே!"

"வாட்ச்சச் சொல்ல வரல மாமி" என்றாள் அம்மா. "இவ எடுக்கல. எடுத்தான்னு நான் சொன்னது பொய். அதச் சொல்லத்தான் வந்தேன்." மாமியின் சிரிப்பு அடங்கியது. தோழியின் அம்மாவைப் பார்த்து, "உள்ள வாங்கோ" என்றார். அதற்கு முன் அவரை யாரும் 'வாங்கோ' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பஞ்சாபி ஆன்ட்டி வீட்டில் ஹிந்தியில் சொல்ல வேண்டியிருந்தது. அம்மாவுக்குக் காய்கறிக்காரரிடம் பேசுகிற ஹிந்திதான் தெரியும். "கல்தி மேரா தா" என்றாள்.

"மேரி தீ" என்று தோழி மெல்லத் திருத்தினாள். தப்பு என்பது ஹிந்தியில் பெண்பால்.

"கல்தி மேரி தீ" என்று அம்மா திரும்பச் சொன்னாள். என் தப்புதான். இரண்டாம் தடவை சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ஆன்ட்டி இரண்டு அம்மாக்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தோழியின் அம்மாவைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

பெங்காலி டாக்டர் வீடு பூட்டியிருந்தது. "நாளைக்கு வந்து சொல்லிருதேன்" என்றாள் அம்மா.

"வெயிட் பண்ணலாம் ஆன்ட்டி" என்றாள் தோழி.

படிக்கட்டில் நால்வரும் உட்கார்ந்தோம். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெயில் சுவரில் ஏறிப்போய்க் குளிர ஆரம்பித்தது. என் அம்மாவும் அவளுடைய அம்மாவும் ஒரே படியில்.  அம்மா சட்டென்று அவருடைய கையைப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, உள்ளங்கை சிமெண்டு நிறமாகிக் கிடந்தது.

"கை ஏன் இப்படி ஆயிருக்கு?"

"செங்கல்லும்மா. சூட்டுல புடிச்சா அப்படித்தான் ஆவும்."

அம்மா தன் கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். டாக்டர் வீட்டார் வரும்வரை தலை நிமிரவில்லை. அவர்கள் வந்ததும் கடகடவென்று எழுந்து, பூட்டைத் திறக்கக்கூட விடாமல், வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

நாலாவது, டீச்சர் வீடு. அம்மா அதே வாக்கியங்களைச் சொன்னாள். நாலாவது தடவையில் அவை மனப்பாடம் ஆகிவிட்டிருந்தன. "நான்தான் மறதியா ரஜாய்க்குள்ள விட்டுட்டேன்" என்றபோது எனக்குத் தாங்கவில்லை.

"அம்மா இல்ல டீச்சர். நான்" என்றேன். "நான் எடுத்துக் கட்டிக்கிட்டுத் தூங்கிட்டேன்."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அந்தப் பார்வை போதும். தோழி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

 டீச்சர் தோழியிடம், "உன்ன நான் தப்பா நெனச்சுட்டேன்" என்றார்.

"தெரியும் டீச்சர்" என்றாள் அவள்.

திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் அம்மா தயங்கி நின்றாள். "நாளையில இருந்து வாரியா?" என்று தோழியின் அம்மாவிடம் கேட்டாள். கேட்டதில் கெஞ்சல் இருந்தது.

"அந்த நாலு ஊட்டுக்கும் போறேம்மா. கூப்பிட்டாங்க" என்றார் அவர். "உங்க ஊட்டுக்கு வல்லம்மா. நீங்க நல்லாத்தான் வச்சுப்பீங்க. எனக்குத்தான், வேல முடிஞ்சு கெளம்பற ஒவ்வொரு வாட்டியும் முந்தானிய உதறிட்டுப் போவணும்னு தோணும்."

அவர் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. மகளின் தோளில் கை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

தோழி அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. திங்கள், செவ்வாய், புதனும் பேசவில்லை. இனி ஒருபோதும் பேசமாட்டாள் என்று நான் தீர்மானித்துவிட்டேன். வியாழக்கிழமை காலை, பிரார்த்தனை முடிந்து வகுப்புக்குள் வந்தவள், நேராக என் பெஞ்சுக்கு வந்து புத்தகப் பையை வைத்தாள்.

"ஒம்பது நாள் ஆச்சு" என்றாள். "தள்ளி உக்காரு."

தள்ளி உட்கார்ந்தேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அதன் பிறகு அந்த விஷயத்தை அவள் ஒரு நாளும் எடுத்ததில்லை. குத்திக்காட்டியதும் இல்லை.

அடுத்த சில வருடங்களில் அந்தக் குடிசைகளைக் காலி செய்து யமுனைக்கு அப்பால் அனுப்பினார்கள். அங்கிருந்தும் இரண்டு பஸ் மாறி வந்து பத்தாவது முடித்தாள். அதற்குள் அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் சென்னைக்கு வந்துவிட்டோம். இரண்டு கடிதம் போட்டுக்கொண்டோம். மூன்றாவது என்னிடமிருந்து போயிருக்க வேண்டியது. போகவில்லை. டைப்பிங் முடித்து ஒரு வக்கீலிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். நம் வயதில் எதையாவது நினைத்துக்கொண்டு மனம் பொருமுகிறோம், யாருக்காவது பதில் கொடுக்க வேண்டும் என்று பல்லைக் கடிக்கிறோம். ஐம்பது வார்த்தைகளையும் கற்றுவைத்துக்கொண்டு, அவற்றில் தனக்கு வேண்டியதை மட்டும், ஒரு துளி கூடுதலும் குறைவும் இல்லாமல் எடுத்துக்கொண்ட அந்தப் பெண் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அம்மா அதன் பிறகு யாரையும் வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. அப்பா இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். "என்னால முடியும்" என்பாள். டிசம்பரில் பின்கட்டுக் குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாரம் ஒன்று ஆவதற்குள் அம்மாவின் விரல்கள் வெடித்து, மடிப்பெல்லாம் ரத்தம் கசிந்தது.

ஒரு நாள் பத்துமணி வெயிலில் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்சந்தில், பஞ்சாபி ஆன்ட்டி வீட்டு வேலையை முடித்துவிட்டுத் தோழியின் அம்மா போனார். எங்கள் மதில் இடுப்பளவுதான். அவர் நின்று, அம்மாவின் கையைப் பார்த்தார்.

"ராத்திரி படுக்கறப்போ கடுகெண்ண தடவுங்கம்மா. வெடிக்காது."

"சரி" என்றாள் அம்மா.

அவர் நடந்து போய், திருப்பத்தில் மறைந்தார். கடுகெண்ணெய் வாசனை என்றாலே அம்மாவுக்குக் குமட்டும். பக்கத்து வீட்டில் அதில் தாளித்தால் எங்கள் வீட்டு ஜன்னலைச் சாத்துவாள். அன்று சாயங்காலம் அப்பா ஆபீஸிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே, அம்மா சின்னப் பாட்டிலோடு வாசலுக்குப் போய், நூறு கிராம் கடுகெண்ணெய் வாங்கிவரச் சொன்னாள்.